செல்களின் பேச்சு – 7: சிறகில்லாத ஈ

சென்ற வாரம் ஒரு முடிச்சோடு நிறுத்தியிருந்தோம்.

எலிக்குட்டிகளுக்குத் தாய்ப்பால் வழியே மார்பகப் புற்று வருவதை 1936-இல் ஜான் பிட்னர் கண்டார். பாலில் இருந்தது ஒரு வைரஸ். அது புற்றுநோய் மரபணு எதையும் சுமந்து வருவதில்லை. எலியின் செல்லுக்குள் புகுந்து, தன் டி.என்.ஏ.வைக் குரோமோசோமில் எங்காவது செருகிக்கொள்ளும், அவ்வளவுதான். சான் பிரான்சிஸ்கோவில் ஹெரால்ட் வார்மஸும், ஆம்ஸ்டர்டாமிலிருந்து அவரிடம் வந்து சேர்ந்த இளம் ஆய்வாளர் ரூல் நுஸ்ஸேயும் கட்டி கட்டியாக எடுத்து, வைரஸ் எங்கே செருகியிருக்கிறது என்று தேடினார்கள். பல கட்டிகளில் அது ஒரே வட்டாரத்தில் இருந்தது. 1982-இல் முடிவு வெளியானது. அந்த வட்டாரத்தில் இருந்த மரபணுவுக்கு ‘இன்ட்-1’ என்று பெயரிட்டார்கள்.

வினோதம் என்னவென்றால், வைரஸ் அந்த மரபணுவைச் சிதைக்கவில்லை. ஒரு கட்டியில் அதன் இந்தப் பக்கம், இன்னொரு கட்டியில் அந்தப் பக்கம் என்று ஒதுங்கியே அமர்ந்திருந்தது. மரபணு செய்கிற புரதத்தில் பழுதில்லை. மார்பகத்தில் உறங்க வேண்டியது அங்கே விழித்துக்கொண்டுவிட்டது. குற்றம் அது ஒன்றுதான்.

அப்படியானால் அது எங்கே விழித்திருக்க வேண்டும்? அதன் முறையான வேலை என்ன?

விடை எலியிடம் இல்லை. அது ஏற்கெனவே அச்சாகியிருந்தது. வார்மஸும் நுஸ்ஸேயும் தேடத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, டெல்லியிலிருந்து.

* * *

1970-களின் தொடக்கத்தில் புதுடெல்லி பூசா வளாகம் என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது கோதுமை. இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் பசுமைப் புரட்சியின் தலைவாசலாக இருந்த காலம். கும்பகோணத்துக்காரரான எம்.எஸ். சுவாமிநாதன் 1972 வரை அங்கே இயக்குநர். அந்த வளாகத்தின் மரபியல் துறையில் ஆர்.பி. ஷர்மா என்பவர் கோதுமைக் கதிர்களுக்கு நடுவே பழ ஈக்களை வளர்த்துக்கொண்டிருந்தார்.

ஈ ஓட்டுகிறார் என்று யாராவது கேலி செய்திருந்தாலும் வியப்பில்லை. ஆனால் மரபியலின் பாதி பாடங்கள் இந்த மூன்று மில்லிமீட்டர் பூச்சியிடம் கற்றவை. அழுகிய வாழைப்பழத்தைச் சுற்றுகிற அதே ஈதான். பத்துப் பன்னிரண்டு நாளில் ஒரு தலைமுறை. ஒரு பாட்டிலுக்குள் நூற்றுக்கணக்கில் வளரும். எதையாவது இழந்து பிறந்த ஈயைக் கண்டுபிடிக்க ஒரு சாதாரண உருப்பெருக்கி போதும்.

ஷர்மா கண்ட ஈக்கள் சிறகை இழந்திருந்தன. எல்லா ஈக்களும் ஒரே மாதிரி அல்ல. சிலவற்றுக்கு இரு சிறகும் இல்லை. சிலவற்றுக்கு ஒரு பக்கம் மட்டும் இல்லை. அதே மரபணுக் கோளாறைச் சுமந்தபடியே, இரு சிறகோடு சாதாரணமாகப் பறந்த ஈக்களும் உண்டு.

இன்னும் உற்றுப் பார்த்தபோதுதான் விஷயம் கனத்தது. சிறகு இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இல்லை. அங்கே முதுகின் ஒரு துண்டு, முடிகளோடும் வரிசையோடும், கண்ணாடியில் பார்த்ததுபோல் திருப்பி வைக்கப்பட்டு வளர்ந்திருந்தது. சிறகாக வேண்டிய செல்கள் சாகவில்லை. தாங்கள் யார் என்று அவற்றுக்கு யாரும் சொல்லவில்லை, அதனால் முதுகாகிவிட்டன.

1973-இல் பழ ஈ ஆய்வாளர்களுக்கான தகவல் ஏடு ஒன்றில் ஷர்மா இதை ஒரு சிறு குறிப்பாக வெளியிட்டார். பெயர்: ‘விங்லெஸ்’, சிறகிலி. 1976-இல் அவரும் வி.எல். சோப்ராவும் சேர்ந்து விரிவான கட்டுரை எழுதினார்கள். அதில் புற்றுநோய் என்ற பேச்சே இல்லை. இருக்கக் காரணமும் இல்லை.

இந்த வரலாற்றைச் சொல்கிறவர்கள் பலர் நேராக ஹைடல்பெர்க்கில் தொடங்கிவிடுவார்கள். அது நியாயமில்லை என்பது என் கட்சி.

ஆனால் ஹைடல்பெர்க்கைத் தவிர்க்கவும் முடியாது. அங்கே கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட், எரிக் வீஷாஸ் இருவரும் ஆயிரக்கணக்கான ஈ வம்சங்களின் புழுக்களை ஒவ்வொன்றாக உருப்பெருக்கியின் கீழ் வைத்து, உடல் வரிசையில் என்ன பிழை என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்ல புழுவின் வயிற்றில் குட்டிப் பற்கள் நிறைந்த ஒரு பட்டை, அடுத்து வழவழப்பான ஒரு பட்டை, மறுபடி பற்கள் என்று மாறி மாறி வரும். 1980-இல் அவர்கள் வெளியிட்ட பட்டியலில் விங்லெஸும் இருந்தது. இந்த மரபணு முற்றிலும் கெட்டுப்போன புழுவில் வழவழப்பே இல்லை. வயிறு முழுக்கப் பற்கள். அந்தப் புழு பொரிக்காமலே செத்துப்போகும்.

டெல்லியில் கிடைத்தது இதன் மிதமான வடிவம். பிழைத்து வளர்ந்து சிறகை மட்டும் இழந்த வடிவம்.

* * *

ஆம்ஸ்டர்டாம், 1980-களின் நடுப்பகுதி. நுஸ்ஸே ஊருக்குத் திரும்பி, நெதர்லாந்து புற்றுநோய் நிறுவனத்தில் சொந்த ஆய்வகம் வைத்திருக்கிறார். கையில் இன்ட்-1 மரபணு இருக்கிறது. அதன் எழுத்து வரிசையும் தெரியும். புரதத்தின் முனையைப் பார்த்தால், செல்லைவிட்டு வெளியே அனுப்பப்படுகிற புரதம் போலத் தோன்றுகிறது. பக்கத்துச் செல்லுக்குப் போகும் செய்தியாக இருக்கலாம். என்ன செய்தி?

எலியில் இந்த மரபணு இயல்பாக இயங்கும் இடங்களையும் அப்போதுதான் கண்டறிந்துகொண்டிருந்தார்கள். கருவில் மூளையும் தண்டுவடமும் உருவாகப்போகிற குழாயில் அது இயங்கியது. வளர்ந்த ஆண் எலியின் விரையில் இயங்கியது. மார்பகத்தில் இல்லவே இல்லை. துப்புகள்தான், விடை அல்ல. எலிக்கருவில் ஒரு மரபணுவின் வேலையைச் சோதிப்பது அன்றைக்குக் கடினம்.

ஈயில் சுலபம். எலி மரபணுவைத் தூண்டில் போலப் போட்டு, ஈயின் டி.என்.ஏ.வில் அதன் உறவுக்காரர் இருக்கிறாரா என்று தேடினார்கள். நுஸ்ஸேயின் ஆய்வகத்தில் ஃபிரான்ஸ் ரைஸ்வைக் இதைச் செய்தார். இருந்தது. எலிக்கும் ஈக்கும் பொதுவான மூதாதை வாழ்ந்தது ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னால். ஆனாலும் இரு புரதங்களிலும் பாதிக்கு மேற்பட்ட இடங்களில் ஒரே அமினோ அமிலம்.

அடுத்த கேள்வி, இந்த ஈ மரபணு எங்கே இருக்கிறது என்பது.

இங்கே கொஞ்சம் நிதானிப்போம். ஈப்புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் குரோமோசோம்கள் அசாதாரணமாகப் பருத்திருக்கும். ஒரே இழை ஏறத்தாழ ஆயிரம் நகல்களாகப் பெருகி, பிரியாமல் ஒட்டிக் கிடப்பதால் அந்தத் தடிமன். அதில் கறுப்பும் வெளுப்புமாகக் குறுக்குக் கோடுகள். ஒவ்வொரு கோட்டுக்கும் எண் உண்டு. ஈ ஆய்வாளர்கள் அதைத் தெரு முகவரிபோல் மனப்பாடமாகச் சொல்வார்கள். அடையாளமிட்ட மரபணுத் துண்டை அதன்மேல் ஊற்றினால், தன் இணை இருக்கும் கோட்டில் போய் ஒட்டிக்கொள்ளும்.

ஒட்டிய இடம்: இரண்டாவது குரோமோசோம், இடது கை, 28ஏ.

அந்த முகவரியில் ஏற்கெனவே ஒருவர் குடியிருந்தார். விங்லெஸ்.

ஒரே தெருவில் இருப்பதால் ஒரே ஆள் என்று ஆகிவிடாது. எனவே ஈயின் கருவில் இந்த மரபணு எங்கே இயங்குகிறது என்று பார்த்தார்கள். உடல் கண்டம் ஒவ்வொன்றிலும் ஒரு மெல்லிய கோடாக, வரிவரியாக. கேம்பிரிட்ஜில் நிக் பேக்கர் விங்லெஸ் மரபணுவைத் தனியே பிரித்தெடுத்து அதே ஆண்டில் வெளியிட்ட படங்களிலும் அதே வரிகள். எல்லாம் பொருந்தின. 1987-இல் ‘செல்’ இதழில் வந்த கட்டுரையின் தலைப்பே தீர்ப்பைச் சொல்லிவிட்டது: எலியின் மார்பகப் புற்று மரபணுவும், ஈயின் உடலை வரிசைப்படுத்துகிற விங்லெஸும் ஒன்றே.

சான் பிரான்சிஸ்கோவின் கட்டியும் டெல்லியின் சிறகிலி ஈயும் ஒரே மரபணுவின் இரண்டு விபத்துகள். ஈயில் செய்தி போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. எலியில் போகக் கூடாத இடத்துக்குப் போய்விட்டது.

இரண்டு பெயர்களையும் ஒட்டி 1991-இல் இந்தக் குடும்பத்துக்கு ‘விண்ட்’ என்று பெயர் சூட்டினார்கள். மனிதனிடம் இந்தக் குடும்பத்து மரபணுக்கள் 19 உண்டு. இடையில் 1989-இல் ஆண்ட்ரூ மக்மேஹனும் ராண்டல் மூனும் இன்ட்-1 செய்தியைத் தவளைக் கருவில் ஊசிமூலம் செலுத்தினார்கள். கருவின் உடல் அச்சு இரட்டித்தது. இரட்டைத் தலைப்பிரட்டை உருவானது. செய்தியின் வலிமையைப் பற்றி யாருக்காவது சந்தேகம் மிச்சமிருந்தால் அதோடு தீர்ந்திருக்கும்.

ஆனாலும் புற்றுநோய் மருத்துவர்கள் பெரிதாக அசையவில்லை. காரணம் எளிது. மனிதரின் மார்பகப் புற்றில் அந்த எலி வைரஸின் கைவரிசை இல்லை. எலிக்கதை எலிக்கு என்று விட்டுவிட்டார்கள்.

* * *

மனிதக் கதை வேறு வாசல் வழியே வந்தது.

சில குடும்பங்களில் ஒரு நோய் பரம்பரையாக வரும். பதின்ம வயதிலேயே பெருங்குடலின் உட்சுவரில் பாலிப் எனப்படும் சின்னச் சின்ன முளைகள், நூறு, ஆயிரம் என்று கிளம்பும். ஒவ்வொன்றும் சாதுதான். ஆனால் ஆயிரத்தில் ஒன்று கெட்டாலும் போதுமே. பெருங்குடலை எடுத்துவிடாவிட்டால், நாற்பது வயதை ஒட்டிப் புற்று ஏறக்குறைய நிச்சயம்.

1986-இல், இந்த நோய் கண்ட ஒருவரின் ஐந்தாவது குரோமோசோமில் ஒரு துண்டே காணாமல் போயிருப்பது அறிக்கையாக வெளிவந்தது. அதன்பின் பந்தயம். 1991 ஆகஸ்டில் யூட்டாவில் ரே வைட் குழுவும், ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பெர்ட் வோகல்ஸ்டீன், கென் கின்ஸ்லர், டோக்கியோவில் யூசுகே நகமுரா ஆகியோரின் கூட்டணியும் ஒரே நேரத்தில் மரபணுவைப் பிடித்தன. ஏ.பி.சி. என்று பெயர். 2,843 அமினோ அமிலங்கள் கொண்ட பிரம்மாண்டமான புரதம். பரம்பரை நோய்க்கு மட்டுமல்ல, குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் வருகிற பெருங்குடல் புற்றுகளிலும் பத்தில் எட்டில் இதுவே உடைந்திருந்தது.

ஆனால் அது என்ன செய்கிறது? இரண்டு ஆண்டுகள் யாருக்கும் விளங்கவில்லை.

1993 டிசம்பரில் இரண்டு குழுக்கள் தனித்தனியே ஒரே பதிலைக் கொண்டுவந்தன. ஏ.பி.சி. புரதம் செல்லுக்குள் பீட்டா-கேட்டினின் என்ற இன்னொரு புரதத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஈ ஆய்வாளர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் பொறி தட்டியிருக்கும். பீட்டா-கேட்டினினின் ஈ வடிவம் அவர்களுக்குப் பழக்கமானது. அது கெட்டாலும் புழுவின் வயிறு முழுக்கப் பற்கள்தான். விங்லெஸ் கெட்டால் வருகிற அதே கோலம்.

* * *

பீட்டா-கேட்டினினின் கணக்கு இப்படிப் போகிறது. செல் இந்தப் புரதத்தை ஓயாமல் செய்துகொண்டே இருக்கும், ஏ.பி.சி.யும் கூட்டாளிகளும் அதைப் பிடித்து, அழிப்பதற்கான அடையாளமிட்டு, ஓயாமல் தள்ளிவிடுவார்கள். திறந்த குழாய்க்கு அடியில் ஓட்டை வாளி. தண்ணீர் நிற்காது. விண்ட் செய்தி வந்தால் சற்று நேரம் ஓட்டை அடைபடும், வாளி நிரம்பும். செய்தி நின்றால் மறுபடி காலி. ஏ.பி.சி. உடைந்துபோனால், செய்தி வராமலே ஓட்டை அடைபட்டுவிடுகிறது, நிரந்தரமாக.

நிரம்பியபின்? தேங்கிய புரதம் செல்லின் உட்கருவுக்குள் போய் என்ன செய்யும்?

பதிலை வைத்திருந்தவர் குடலைப் பற்றி யோசித்தவரே அல்லர். நெதர்லாந்தின் உட்ரெக்ட்டில் ஹான்ஸ் கிளெவர்ஸ் நோயெதிர்ப்புச் செல்களை ஆராய்ந்தவர். டி செல்களில் டி.என்.ஏ.வோடு ஒட்டும் டி.சி.எஃப். என்ற புரதத்தை 1991-இல் கண்டுபிடித்து வைத்திருந்தார். அது தனியாக எதையும் செய்வதாகத் தெரியவில்லை. 1996-இல் அவர் குழுவும், பெர்லினில் வால்டர் பிர்ஷ்மையர், யூர்கன் பேரென்ஸ் குழுவும் காட்டின: டி.சி.எஃப். காத்திருந்தது பீட்டா-கேட்டினினுக்காக. இரண்டும் சேர்ந்தால்தான் மரபணுக்கள் எழும்.

அடுத்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. விளாடிமிர் கோரினெக், வோகல்ஸ்டீன் ஆய்வகத்தின் துணையோடு உட்ரெக்ட்டில் செய்தது. மின்மினிப் பூச்சிக்கு ஒளி தருகிற மரபணுவை எடுத்து, அதன் முன்னால் டி.சி.எஃப். ஒட்டும் வரிசையைக் கோத்தார்கள். பீட்டா-கேட்டினின் வந்து டி.சி.எஃப்.போடு சேர்ந்தால் செல் ஒளிரும், சேராவிட்டால் இருட்டு. அந்த வரிசையை வேண்டுமென்றே கெடுத்த ஒரு போலியையும் ஒப்பிட வைத்துக்கொண்டார்கள்.

ஏ.பி.சி. உடைந்த பெருங்குடல் புற்றுச் செல்களில் இதைச் செலுத்தினார்கள்.

எந்தச் செய்தியும் கொடுக்கவில்லை. ஆனால் செல்கள் ஒளிர்ந்தன. போலி இருந்தவை இருட்டாகவே கிடந்தன. பிறகு ஒளிர்ந்த செல்களுக்குள் நல்ல ஏ.பி.சி.யைத் திருப்பி வைத்தார்கள். ஒளி மங்கியது.

1997 மார்ச்சில் ‘சயன்ஸ்’ இதழில் இது வந்தபோது கூடவே இன்னொரு கட்டுரையும் வந்தது. ஏ.பி.சி. ஒழுங்காக இருக்கிற சில பெருங்குடல் புற்றுகளில் பீட்டா-கேட்டினினே கெட்டிருந்தது. அதுவும் எங்கே? அழிப்பதற்கான அடையாளம் விழுகிற சரியான இடத்தில். பிடிப்பவன் உடைந்தாலும், பிடி நழுவினாலும், போய்ச் சேருகிற ஊர் ஒன்றுதான். அதற்குமேல் இதைத் தற்செயல் என்று சொல்ல முடியவில்லை.

* * *

இதுவரை புற்று. இந்தத் தொடரின் மறுபாதி, ஸ்டெம் செல், எங்கே வருகிறது?

கிளெவர்ஸ் குழு ஒரு நேரான கேள்வி கேட்டது. குடலில் இருக்கும் டி.சி.எஃப்-4 வகை ஆரோக்கியமான உடலில் எதற்கு? புற்று உண்டாக்கவா கடவுள் படைத்தார்? அந்த மரபணுவை நீக்கி எலிகளைப் பிறக்கவைத்தார்கள்.

குட்டிகள் பார்வைக்கு நன்றாகவே இருந்தன. பிறந்த சிறிது நேரத்திலேயே இறந்தன.

குடலை மெல்லிய சீவல்களாக வெட்டிப் பார்த்தார்கள். குடலுறிஞ்சிகள் விரல்விரலாக நின்றன. அவற்றின்மேல் முதிர்ந்த செல்களும் சரியாகவே போர்த்தியிருந்தன. பழுது வேறிடத்தில். பிறந்த குட்டியில், விரல்களுக்கு நடுவேயுள்ள பள்ளங்களில்தான் பிரிந்து பெருகும் செல்கள் இருக்கும். பின்னாளில் அவை ஆழ்ந்து குழிகளாகும். இந்தக் குட்டிகளில் அந்தப் பள்ளத்தில் பிரிந்துகொண்டிருந்த செல் ஒன்றுகூட இல்லை.

நம் குடலின் உட்பூச்சு நான்கைந்து நாளில் முழுதும் உதிர்ந்து புதிதாகிறது. நேற்றுச் சாப்பிட்ட சோற்றைச் செரித்த செல் வார இறுதியில் இருக்காது. இந்த இடைவிடாத பதிலீட்டை நடத்துவது குழிகளின் அடியிலிருக்கும் ஸ்டெம் செல்கள். டி.சி.எஃப்-4 இல்லாத எலியில் அந்தக் கையிருப்பே இல்லை. 1998-இல் வெளியான அந்தக் கட்டுரைதான் திருப்புமுனை என்று நான் நினைக்கிறேன், ஒளிர்ந்த செல்களைவிடவும். புற்றுக் கட்டியைத் தூண்டிய அதே செய்திதான் ஸ்டெம் செல்லை உயிரோடு வைத்திருந்தது.

2002-இல் மார்க் வான் டி வெட்டரிங் மறுபக்கத்திலிருந்து இதைச் சோதித்தார். பெருங்குடல் புற்றுச் செல்களில் டி.சி.எஃப். வேலையைத் தடுத்தார். செல்கள் பிரிவதை நிறுத்தின. சாகவில்லை, முதிரத் தொடங்கின, நல்ல குடல் செல்கள் குழியைவிட்டு மேலேறும்போது முதிர்வதைப் போலவே. அதற்குமுன் அந்தப் புற்றுச் செல்களில் எழுந்திருந்த மரபணுக்களைப் பட்டியலிட்டுப் பார்த்தால், ஆரோக்கியமான குழியின் அடியில் எழுந்திருக்கும் மரபணுக்களோடு அவை ஒத்துப்போயின.

புற்றுச் செல் புதிதாக எந்தத் தந்திரத்தையும் கற்றிருக்கவில்லை. குழிக்குள் இருந்தவரை செய்ததையே, குழியைவிட்டு வெளியேறிய பிறகும் செய்துகொண்டிருந்தது.

* * *

ஆனால் குழிக்குள் எந்தச் செல்?

எலியின் ஒரு குடல் குழியில் சுமார் 250 செல்கள். எது ஸ்டெம் செல் என்பதில் நெடுநாள் வழக்கு ஒன்று நடந்துகொண்டிருந்தது.

மான்ட்ரியாலில் ஹேசல் செங்கும் சார்ல்ஸ் லெப்லாண்டும் 1974-இல் அடிமட்டத்தைச் சுட்டினார்கள். அங்கே பானெத் எனப்படும் பருத்த செல்களுக்கு இடையில் நெரிசலில் சிக்கிய மெலிந்த செல்கள் உண்டு. கதிரியக்கத் தைமிடினைச் செலுத்தியபோது அவற்றில் சில செத்தன. பக்கத்து மெலிந்த செல்கள் அந்தச் சடலங்களை விழுங்கின. விழுங்கிய கதிரியக்கத் துணுக்கு அடுத்தடுத்த நாட்களில் வெவ்வேறு வகைக் குடல் செல்களுக்குள் தென்பட்டது. அப்படியானால் அந்த வகைகள் எல்லாம் மெலிந்த செல்லின் வாரிசுகள் என்றார்கள்.

மான்செஸ்டரில் கிறிஸ் பாட்டன் ஒப்பவில்லை. அடியிலிருந்து எண்ணினால் நான்காவது இடம், பானெத் செல்களுக்குச் சற்று மேலே, என்றார். அங்குள்ள செல்கள் சிறு கதிர்வீச்சுக்கே தற்கொலை செய்துகொள்கின்றன. பழுதான பிரதியைப் பெருக்குவதைவிடச் சாவது மேல் என்று ஒரு ஸ்டெம் செல்தானே முடிவெடுக்கும்?

இருவர் வாதமும் வலுவானது. தீர்க்க ஒரு வழிதான் இருந்தது: ஸ்டெம் செல்லில் மட்டும் எழுந்திருக்கிற ஒரு மரபணுவைப் பிடித்து, அந்தச் செல்லுக்கு நிறம் பூசி, அதன் வாரிசுகளைப் பின்தொடர வேண்டும்.

வான் டி வெட்டரிங் தயாரித்த பட்டியலில் அப்படியொரு மரபணு ஏற்கெனவே இருந்ததா? உட்ரெக்ட்டில் நிக் பார்க்கர் அந்தப் பட்டியலை ஒவ்வொரு பெயராகச் சோதித்துக்கொண்டு வந்தபோது, குழியின் அடிமட்டத்தில் மட்டும் கறைபடுத்திய ஒன்று எது? அது சுட்டிய செல்லில் ஏ.பி.சி.யை உடைத்தால், கட்டி அங்கிருந்துதான் தொடங்குமா?

(தொடரும்)